சொல்லாமையும் வாய்மையோ?

சங்கப் புலவர் மகளிர் விரலுக்கு உவமை கூறிய காந்தளின் விதையில் கோல்சிசின் எனும் நஞ்சு உண்டு. மரபியல் ஆய்வுக்கூடத்தில் அந்நஞ்சையோ அதன் வழிப்பொருளையோ சேர்த்தே, பிரியும் உயிரணுவை நடுவழியில் நிறுத்துகிறார்கள். பின்னர்ச் சாயமேற்றி நுண்ணோக்கியில் நோக்கினால் குரோமோசோம்கள் தனித்தனியே தெரியும். மனிதனுக்கு அவை 46 என்பது 1956-இல்தான் உறுதியாயிற்று. அதுவரை பாடநூல்கள் 48 என்றே ஓதிவந்தன! 21-ஆம் குரோமோசோம் மூன்றாயிருப்பதே டவுன் நோய்க்குறிக்குக் காரணம் என்று 1959-இல் கண்டனர். நம் பெங்களூரிலும் மனித மரபியல் மையம் போன்ற நிலையங்களில் குரோமோசோம் ஆய்வு நடைபெறுகிறது.

கருவுற்ற தாயின் பனிக்குட நீரில் இக்குறையைத் தேடுபவர் கண்ணில் மற்றொன்றும் படுகிறது: கரு ஆணா, பெண்ணா என்பது. அதைச் சொல்லாலோ சைகையாலோ தெரிவித்தலை 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. "என் வயிற்றுப் பிள்ளையைப் பற்றி நான் அறியலாகாதா?" என்று ஒக்கலிபுரத்துத் தாயொருத்தி கேட்டால் அதில் நியாயமில்லை என்று எவ்வாறு கூறுவது? ஆனால் பல வேளைகளில் அவள் வாய்வழியே கேட்பவர் வேறொருவர். (மாமியார் என்று மட்டும் சொல்லி ஆடவராகிய நாம் தப்பிவிட வேண்டா.) வள்ளுவர் வாய்மைக்கு அளவுகோலாகக் கொண்டது தீங்கின்மையை. அதன்படி ஆய்வாளரின் மௌனம் பொய்யாகாது.

இடர்ப்பாடு அடுத்த படியில் இருக்கிறது. பெண் கருவுக்காக வாய்மூடச் சொல்லும் அதே சட்டம், குரோமோசோம் குறையைத் தேடவும் தெரிவிக்கவும் இடந்தருகிறது. நோய் வேறு, பால் வேறு என்பர், ஒப்புகிறேன். எனினும் அன்னையின் கைப்பற்றிக் கோவிலுக்கு வந்து, முன்பின் அறியாதவரிடமும் முகம்மலர்ந்து சிரிக்கும் அப்பிள்ளைகளை நாம் கண்டதில்லையா? அவர்கள் எவ்வாறு வளர்வர், எதைக் கற்பர் என்பதைக் கூறாது, 46-க்கு மாறாக 47 என்று மட்டும் தாயிடம் கூறி அனுப்பும் சொல்லில் பொய் ஏதுமில்லை. அதை வாய்மை என்று கூறத்தான் எனக்கு மனம் வரவில்லை.