நாவின் முடிச்சு

குழந்தையின் திக்குவாய்க்குப் பெற்றோர் பொறுப்பாளிகளா? கல்முனைக் கரையோர ஊர்களில் இக்கேள்விக்கு இரண்டு விடைகள் வழங்குகின்றன. 'அல்லாஹ் விதித்தது, செய்வதற்கு ஒன்றுமில்லை' என்பது ஒன்று. தாய் கொடுத்த செல்லமே காரணம் என்பது மற்றொன்று. முன்னதைச் சொல்வோர், மூஸா நபி தம் நாவின் முடிச்சு அவிழ இறைஞ்சியதையும் சகோதரர் ஹாரூனைத் துணையாகக் கேட்டதையும் ஏனோ மறந்துவிடுகின்றனர்.

பின்னதற்கு ஒரு காலத்தில் விஞ்ஞானத்தின் ஆதரவும் இருந்தது. அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் வெண்டல் ஜோன்சன், மழலையின் இயல்பான தடுமாற்றத்தைப் பெற்றோர் குறையெனக் கருதுவதாலேயே திக்கு பிறக்கிறது என்றார். 1939இல் அவரது மேற்பார்வையில், அநாதை இல்லமொன்றின் 22 குழந்தைகள் ஆய்வுக்கு உள்ளாக்கப்பட்டனர். சரளமாகப் பேசிய சிலரிடம் 'நீ திக்குகிறாய்' என்று மீண்டும் மீண்டும் சொல்லப்பட்டது. அவர்கள் திக்குவாயராகிவிடவில்லை, ஆயின் பேசவே அஞ்சினர். பல்கலைக்கழகம் வருத்தம் தெரிவித்தது 2001இல்! ஏழைப் பிள்ளைகளுக்குரிய மன்னிப்பு எப்போதும் தாமதித்தே வருகிறது போலும்.

திக்கின் மூலம் பெரிதும் பரம்பரையிலும் மூளையின் தொழிற்பாட்டிலும் உள்ளது என்பதே இன்றைய அறிவு. ஆதலால் தாயைக் கூண்டிலேற்ற நியாயமில்லை. ஆனால் அச்சத்தை ஊட்டுவது நாமே. மத்ரஸாவில் பிள்ளைகளோடு சேர்ந்து தடையின்றி ஓதும் சிறுவன், வீட்டில் 'வாப்பா' என்றழைக்கத் திணறுகிறான். "ஓதக்குள்ள வருது, பேசக்குள்ள மட்டும் என்னடா?" என்று தந்தை கையை ஓங்குகிறார். சேர்ந்து ஓதுகையில் திக்கு மறைவது அக்குறையின் இயல்பென்பதை அவருக்கு எவரும் சொன்னதில்லை. அன்புள்ள தாயோ சொல்லைத் தானே முடித்துவைக்கிறாள். அவன் சொல்லுக்குக் காத்திருக்க எவருமில்லை என்பதையே இருவரிடமும் அவன் கற்கிறான்.

சிட்னியில் உருவான லிட்கம் முறையில், சிகிச்சையாளர் வழிகாட்ட, பெற்றோரே நாளும் பத்துப் பதினைந்து நிமிடம் குழந்தையுடன் அமர்ந்து, திக்காத பேச்சைப் பாராட்டுகின்றனர். வீட்டுப் பேச்சின் வேகத்தையும் நெருக்கடியையும் குறைப்பது வேறொரு முறை. நெதர்லாந்தில் 199 குழந்தைகளிடம் இரண்டையும் ஒப்பிட்டு 2015இல் வெளியான ஆய்வு, பதினெட்டு மாத முடிவில் பெரிய வேறுபாடு எதையும் காணவில்லை. இரண்டுக்கும் பொதுவாக வேண்டப்படுவது பெற்றோரின் நேரம்.

அந்த நேரம் யாரிடம் இருக்கிறது? மருதமுனை நெசவாளிக்கு நெய்த அளவுக்கே கூலி. சாய்ந்தமருதின் மீனவர் விடியுமுன் கடலில் நிற்பார். தமிழில் சிகிச்சையளிப்போர் இந்நாட்டில் மிகச் சிலர். அவர்களைத் தேடிச் செல்லும் நாளில் அன்றைய கூலி இல்லை. பொறுமையைப் பற்றிப் பெற்றோருக்கு உபதேசிக்கும் நாம் இக்கணக்கையும் பார்க்கவேண்டாமா?

வளைகுடா நாட்டில் வீட்டுவேலை செய்யும் தாய் இரவில் தொலைபேசியில் அழைக்கிறாள். அவளுக்குக் கிடைப்பது சில நிமிடங்களே. அந்த அவசரத்தில் மகனின் சொல் சிக்குகிறது. அருகிலிருக்கும் உம்மம்மா அதைத் தானே சொல்லி முடித்துவிடுகிறாள். அவளைக் குறைகூற நமக்கு நா எழவில்லை.