ஏடின்றி எழுந்த சொல்



அரசலாறு கடலொடு கலக்கும் காரைக்காலில், அன்பர் ஒருவர் இல்லத்தில் கூடிய சிறு குழுவினர்க்கு அறவுரை ஆற்றப் பணிக்கப்பெற்றேன். இரண்டு இரவுகள் கண்விழித்து எழுதிய தாள்களைப் பேருந்திலேயே விட்டு இறங்கினேன். வேறு வழியின்றி ஏடில்லாமல் பேசத் தொடங்கினேன்.

முதலில் நினைவில் எழுந்தது விபுலகிரி. வர்த்தமானப் பெருமான் கேவலஞானம் எய்திச் சமவசரணம் அமைந்த பின்னும், 66 நாட்கள் திவ்வியத்தொனி எழவில்லை. ஏற்றுணரத் தக்க கணதரர் இல்லாமையே காரணம் என்பது நம் மரபு. ஐந்நூறு மாணாக்கரோடு செருக்குற்று வந்த இந்திரபூதி கௌதமர், மானத்தம்பத்தைக் கண்டு செருக்கழிந்து தீக்கை ஏற்றார். அதன்பின், சிராவண மாதத்துத் தேய்பிறைப் பிரதமையன்று அத்தொனி எழுந்தது. அதற்கு ஏடில்லை, பேசவேண்டும் என்னும் விருப்பமும் இல்லை. எல்லா உயிர்களும் தத்தம் மொழியில் உணர்ந்தன. கௌதமர் அதனைப் பன்னிரு அங்கங்களாகத் தொகுத்தார். பன்னூறாண்டுகள் அது முனிவர்தம் நினைவிலேயே வாழ்ந்தது. நினைவு குன்றிய காலத்தில், கிர்நார் மலைக் குகையில் தரசேனாசாரியர் புட்பதந்தர்க்கும் பூதபலியார்க்கும் ஓதுவித்தார், சட்கண்டாகமம் ஏடேறிற்று. பூதபலியார் தமிழகம் போந்தவர் என்பதைச் சொல்லும்போது அவை மகிழ்ந்தது.

அந்த மகிழ்ச்சியே என்னைக் கெடுத்தது. இன்னும் நகைக்கச் செய்யவேண்டும் என்னும் ஆசையால், பிறசமயத்தார் வழிபாடு ஒன்றை எள்ளி ஒரு சொல் உதிர்த்தேன். தாளில் அது இல்லை, எழுதியிருப்பேனாயின் அடித்திருப்பேன். சிரிப்பு எழுந்தது. பின்வரிசையில் அமர்ந்திருந்த அண்டை வீட்டு மூதாட்டி, அச்சமயத்தவர், தலை கவிழ்ந்தார். அம்மையார் கோயிலும் தர்காவும் மாதா கோயிலும் அருகருகே விளங்கும் ஊரில், அனேகாந்தம் பேச வந்தவன் செய்த செயல் இது!

நன்மை பயப்பதாய், அளவினதாய், ஐயத்திற்கிடமற்றதாய்ப் பேசுதலே பாஷா சமிதி. அது துறவியர்க்கு மட்டும் உரியது என்று எண்ணியிருந்தேன் போலும்.

இரவெல்லாம் உறக்கமில்லை. பிரதிக்கிரமணத்தில் பிழையை மனத்தளவில் ஒப்புக்கொண்டால் போதாது என்று தோன்றவே, மறுநாட் காலை அம்மூதாட்டியின் இல்லம் சென்றேன். மோர் கொணர்ந்து வைத்தார்.

“அதற்கென்ன தம்பி, பேச்சு வேகத்தில் வந்திருக்கும்” என்றார்.

“வேகத்தில் அன்று, அம்மா, கைதட்டலில் வைத்த ஆசையில் வந்தது” என்றேன்.

அவர் மறுமொழி கூறவில்லை. மோரை அருந்துமாறு கைகாட்டினார். அன்று சிரித்தவர்களிடமும் இதனைக் கூறும் கடன் எனக்கு உண்டு. அவர்களும் இவ்விதழைப் படிப்பவர்களாதலின், இங்கே எழுதுகின்றேன்.