பூசைக்குப் போகும் வீடும் வேலைக்கு வரும் பெண்ணும்

ஆகஸ்ட் 29 அன்று பெசன்ட் நகர் வேளாங்கண்ணி ஆலயத்தில் கொடியேறும்போது, காவி உடுத்தி நடந்தே வருவோரின் கூட்டம் அடையாறு வரை தெரியும். சாந்தோம் பேராலயத்தில் தோமாவின் கல்லறையருகே முழந்தாளிட்டு நெடுநேரம் செபிப்போரும் உண்டு. இந்தப் பக்தியைக் குறைத்துப் பேச எவருக்கும் உரிமையில்லை. ஆயினும் ஒருவர் புனிதத்தில் வளர்கிறாரா என்பதை இவற்றை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபையைப் பற்றி 1964-இல் வெளியிட்ட ஏட்டின் ஐந்தாம் அதிகாரம், குருக்களையும் துறவியரையும் போலவே இல்லறத்தாரும் உழைப்பாளிகளும் புனிதத்துக்கு அழைக்கப்பட்டவர்கள் என்கிறது. அப்படியானால் சோதனையும் அவர்கள் வாழும் இடத்தில்தான் நடக்கும்: வீட்டில், கடையில், சம்பளம் எண்ணிக் கொடுக்கும் நேரத்தில்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, எளிதில் ஒதுக்கக்கூடியதல்ல. பொறுமையாகப் பேசுவதும் நியாயமாக நடப்பதுமே புனிதம் என்றால், மறைசாட்சிகள் சிந்திய இரத்தத்தின் மதிப்பு குறைந்துவிடாதா? 2022 மே 15 அன்று புனிதர் பட்டம் பெற்ற தேவசகாயத்தின் வாழ்வைப் பார்க்கலாம். 1712-இல் நட்டாலத்தில் பிறந்தவர். திருவிதாங்கூர் அரசில் அதிகாரி. மனைவியோடு இல்லறம் நடத்தியவர். 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றபின், சாதி பாராமல் எல்லோரோடும் சமமாகப் பழகினார். அவர்மேல் மேல்சாதியினருக்கு மூண்ட பகையில் அதற்கும் பங்குண்டு. 1752-இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். மலையில் காட்டிய உறுதி அன்று திடீரென வந்ததல்ல. யாரைத் தன்னருகே உட்கார வைப்பது என்று நாள்தோறும் எடுத்த முடிவுகளில் ஊறி வந்தது அது. அன்றாடத்தையும் மறைசாட்சியத்தையும் எதிரெதிரே நிறுத்துவது தவறு.

கடவுளை நம்பாதவரும் நியாயமான கூலி கொடுக்கிறாரே, இதில் கிறிஸ்தவம் எங்கே என்றும் கேட்பார்கள். கொடுக்கிறார், அதில் மகிழத்தான் வேண்டும். ஆனால் மத்தேயு நற்செய்தியின் 25-ஆம் அதிகாரம் பசித்தவரிடமும் தாகமுற்றவரிடமும் கிறிஸ்துவையே காணச் சொல்கிறது. அதை நம்புகிறவருக்குக் கூலியோடு கடமை தீர்ந்துவிடாது. தி. நகர் ஜவுளிக்கடையில் கிறிஸ்துமஸுக்குப் புடவை எடுக்கிறோம். இருபது புடவைகளைப் பிரித்துக் காட்டிய பெண்ணின் முகத்தைப் பாராமலே எழுந்து போகிறோம். கடைப் பணியாளர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021-இல் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. அதுவரை அவர்கள் நின்றே வேலை செய்ததைப் பார்த்தும் நமக்கு உறுத்தவில்லை.

வீட்டுக்குள் நிலைமை இன்னும் கூர்மையானது. வேலைக்கு வரும் பெண்ணுக்குத் தனி டம்ளர் வைத்திருக்கும் வீடுகளில் செபமாலையும் தவறாமல் நடக்கிறது. ஓய்வுநாள் கட்டளை, விடுதலைப் பயண நூலில், வேலைக்காரரையும் வேலைக்காரியையும் வெளிப்படையாகச் சேர்த்தே ஓய்வு தருகிறது. பூசை முடிந்து வந்ததும் பிரியாணி வேண்டுமென்று, சமைக்கும் பெண்ணை ஞாயிறு காலை ஆறு மணிக்கே வரச் சொல்லும் குடும்பம் அந்தக் கட்டளையில் பாதியை மட்டுமே கடைப்பிடிக்கிறது. அவள் கிறிஸ்தவளாக இருந்தால் அவளுடைய பூசையும் போகிறது. இல்லாவிட்டாலும், பிள்ளைகளோடு இருக்கக் கிடைத்த ஒரு காலைப்பொழுது போகிறது. சம்பளம் பிடிக்காமல் அந்த நாளை அவளுக்குக் கொடுத்துவிட்டால், வெங்காயம் உரிப்பதும் பாத்திரம் துலக்குவதும் வாரந்தோறும் வீட்டாரின் வேலையாகும், ஆண்கள் உட்பட.