பல்லுக்கொதியும் எமது தியாகங்களும்

வேலை முடிந்து இரவு பன்னிரண்டரைக்கு அறைக்கு வந்து, சட்டியில் மிஞ்சியிருக்கும் சோற்றைச் சாப்பிடும்போது எம்மில் அநேகர் ஒரு பக்கத்தால் மட்டுமே சப்புகிறோம். இதை யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை. மற்றப் பக்கத்தில் ஒரு பல் இருக்கிறது. அதைப் பிறகு பார்க்கலாம்.

இந்தப் 'பிறகு' பற்றித்தான் இங்கே எழுத வேண்டியிருக்கிறது. சூத்தைப்பல்லுக்கெல்லாம் ஒரு கட்டுரையா என்று சிரிக்கும் தோழர்கள் சிரிக்கட்டும். தேசம், அடையாளம், துரோகம் என்று வாய் நோகக் கதைத்துவிட்டோம். அந்த வாய்க்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கவில்லை.

ஊரில் சூத்தைப்பல்லுக்குள் புழு இருப்பதாகச் சொல்வார்கள். கண்டங்கத்தரி விதையைச் சுட்டு, அந்தப் புகையை வாய்க்குள் பிடித்தால் புழு விழும் என்பார்கள். புழு கிடையாது. வாயில் வாழும் பக்டீரியாக்கள் நாம் உண்ணும் சீனியை அமிலமாக்குகின்றன. அமிலம் பல்லின் மேலோடான எனாமலைக் கரைக்கிறது. எனாமலுக்கு நரம்பில்லை. எனவே தொடக்கத்தில் வலியும் இல்லை. ஒரு வெள்ளைத் திட்டு மட்டும். அந்தக் கட்டத்தில் புளோரைட்டும் ஒழுங்கான துலக்கலுமே அதை நிறுத்திவிடக்கூடும். உள்ளோட்டை அடைந்ததும் குளிரும் இனிப்பும் கூசத் தொடங்குகின்றன. றெஸ்ரோறன்ரில் நாள் முழுக்க ஐஸ்கிறீம் அள்ளிப் போடுபவன் அதை நாக்கில் வைக்கப் பயப்படுகிறான். அப்போது போனால் ஒருமுறை கதிரையில் இருந்து அடைத்துக்கொண்டு வந்துவிடலாம். போவதில்லை. பிறகு நரம்பும் இரத்தக் குழாய்களும் உள்ள நடுப்பகுதி வீங்குகிறது. சுற்றிவரக் கடினமான சுவர், வீங்குவதற்கு இடமில்லை. அந்த வலி அப்படி இருப்பதற்குக் காரணம் இதுதான். படுத்தால் இன்னும் கூடும். இரவு இரண்டு மணிக்கு எழும்பிக் குந்தியிருந்து கராம்பைக் கடிக்கிறோம். கராம்பு ஒன்றும் பொய்யல்ல. அதிலுள்ள இயூஜினோலைப் பல் வைத்தியர்களும் பாவிக்கிறார்கள்தான். அது மரக்கப்பண்ணும், மாற்றாது.

பிறகு ஒருநாள் வலி தானாக நின்றுவிடுகிறது. "மாறிட்டுது" என்று சந்தோஷமாகச் சொல்கிறோம். மாறவில்லை, நரம்பு செத்துவிட்டது. வலியைச் சொல்ல ஆளில்லாத இடத்தில் கிருமி வேரின் நுனியால் இறங்கித் தாடையெலும்புக்குள் சீழாகக் கட்டுகிறது. அது மாதக்கணக்கில், சிலவேளை வருடக்கணக்கில் சத்தமில்லாமல் இருக்கும்.

2022 மாரியில் எம்மோடு அறையில் இருந்த ஒருவருக்குக் கீழ்த்தாடைப் பல்லொன்று அப்படித்தான் 'மாறி' எட்டு மாதமாகியிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை தாடை வீங்கியது. வெள்ளி, சனி றெஸ்ரோறன்ரில் லீவு கேட்கிற நாட்களல்ல. இரண்டு நாளும் கோப்பை கழுவினார். ஞாயிறு காலையில் வீக்கம் கழுத்துக்கு இறங்கி, நாக்கு மேலே தள்ளப்பட்டு, எச்சில் விழுங்க முடியாமல் வாயால் வடிந்தது. ஆஸ்பத்திரியில் மூச்சுக்குக் குழாய் விட்டு, கழுத்தை வெட்டிச் சீழ் எடுத்தார்கள். அந்த நோய்க்கு லூட்விக் என்ற ஜேர்மன் வைத்தியரின் பெயர். 1836 இலேயே அவர் அதை விவரித்துவிட்டார். வாயின் அடித்தளம் வீங்கி மூச்சுப்பாதையை அடைப்பது அது. 2007 இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் 12 வயதுச் சிறுவன் ஒருவன் பல்லிலிருந்த கிருமி மூளைக்குப் பரவி இறந்துபோனான். 80 டொலருக்குப் பிடுங்கியிருக்கக்கூடிய பல் என்று பத்திரிகைகள் எழுதின. எமது நண்பர் தப்பினார்.

ஏன் போகவில்லை? அவரிடம் விசா இருந்தது, காப்புறுதி அட்டை இருந்தது. அடைப்பதற்கு ஐந்து சதம் கட்டத் தேவையில்லை.

காரணத்தைத் தேடினால் பழைய இடத்துக்குப் போக வேண்டும். ஜேர்மனியில் 1993 இல் வந்த அகதிகளுக்கான உதவிச் சட்டம், கடுமையான நோய்க்கும் வலிக்கும்தான் வைத்தியம் என்கிறது. கட்டுப்பல், பிற்போட முடியாத மருத்துவக் காரணம் இருந்தால் மட்டும். நாம் 2012 இல் வந்தபோது இந்த நிலையில் 48 மாதம் இருக்கவேண்டும். 2015 இல் அதை 15 மாதமாக்கினார்கள், 2019 இல் 18, 2024 இல் 36. எமது நகரில் பல் வைத்தியரிடம் போக முதலில் சோசியல் அலுவலகத்தில் ஒரு சீட்டு எடுக்க வேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவர் கேட்பது ஒரே கேள்வி: வலிக்கிறதா? இல்லையென்றால் வலிக்கும்போது வரவும். வலித்தபின் போனால் பெரும்பாலும் பிடுங்குவதுதான் மிச்சம்.

இதே நாட்டில் காப்புறுதியுள்ளவர்களுக்குப் போனஸ் புத்தகம் என்று ஒன்று இருக்கிறது. வருடத்துக்கொருமுறை, வலியோ நோவோ இல்லாமல் போய்ப் பல்லைக் காட்டி முத்திரை குத்துவிக்க வேண்டும். பின்னாளில் பல் கட்ட நேர்ந்தால், வழமையான செலவில் 60 வீதம் கிடைக்கும் இடத்தில், ஐந்து வருட முத்திரைக்கு 70, பத்து வருடத்துக்கு 75 வீதம் கிடைக்கும். ஒருவனுக்கு வலிக்கமுன் வந்ததற்குப் பரிசு. இன்னொருவனுக்கு வலிக்கமுன் வந்தால் கதவு பூட்டு. பல் இருவருக்கும் ஒரே விதமாகத்தான் உக்குகிறது.

எம்மில் பல்கலைக்கழகத்தைப் பாதியில் விட்ட ஒருவர் உண்டு. விற்கன்ஸ்ரைன் கேம்பிறிட்ஜில் 1933-34 இல் சொல்லி எழுதுவித்த பாடங்களில் பல்லுக்கொதியைத் திரும்பத்திரும்ப உதாரணமாக எடுக்கிறார் என்று அவர் சொன்னார். இன்னொருவனின் பல்லிலுள்ள வலியை நான் உணர முடியுமா, அவனுக்கு வலிப்பது எனக்கு எப்படித் தெரியும் என்ற மாதிரியான கேள்விகள். எமக்கு அது தத்துவமாகப் படவில்லை, சோசியல் அலுவலகமாகப் பட்டது. அகதி விசாரணையும் அதுதானே. தழும்பு இருக்கிறதா, காட்டு. தழும்பில்லாதவனின் பயத்தை எந்தக் கோப்பில் ஒட்டுவது?

ஆனால் எல்லாவற்றையும் சட்டத்தின் தலையில் போட்டுவிட்டு எழும்பிப் போக முடியாது. சட்டம் எம்மை விட்டுப் பல வருடமாகிறது. நாம் அதை விடவில்லை. வலித்தால்தான் எமது உடம்புக்கு உரிமை என்பதை நாமே எமக்குச் சொல்லிக்கொண்டு திரிகிறோம். அதற்கு வைத்திருக்கும் பெயர்தான் இன்னும் மோசம்: தியாகம். தங்கச்சியின் வீடு முடியட்டும், சீட்டுக்காசு கட்டி முடியட்டும், என்ர பல்லுக்கு இப்ப என்ன அவசரம். இதைச் சொல்லும்போது எம் முகத்தில் ஒரு பெருமை வருகிறது. உண்மையில் அந்தப் பெருமைக்குள் பாதி பயம். துளைக்கும் மெஷின் பயம், பாஷை பயம், அன்னியர் முன் வாயைத் திறந்து பல்லின் கோலத்தைக் காட்டும் வெட்கம். அரை மணித்தியாலப் பயத்துக்குத் தியாகம் என்று பேர் வைத்துவிட்டால் பிறகு யாரும் கேள்வி கேட்க முடியாது.

சரி, பயமே இல்லை, முழுத் தியாகம்தான் என்று வைப்போம். யாருடைய செலவில்? நண்பர் பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவருடைய வேலையை இருவர் பிரித்துச் செய்தோம், வாடகைப் பங்கை மற்றவர்கள் போட்டோம், அந்த மாதம் ஊருக்குக் காசு போகவில்லை. தன்னோடு முடியும் என்று அவர் நினைத்த கணக்கு எட்டுப் பேரின் கணக்காகிவிட்டது. ஆயினும் எம்மை அதிகம் யோசிக்க வைத்தது அதுவல்ல. கழுத்தில் கட்டோடு வீடியோவில் முகம் காட்டியபோது அவருடைய தாயார் அழவில்லை. கோபப்பட்டார்.

"உன்ரை பல்லைப் புடுங்கியோடா நான் இந்த வீட்டைக் கட்டினனான்? என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டனியே?"

அந்த மனுசி கேட்டதில் நியாயம் இருக்கிறது. காசு அனுப்பினோம், அது எதிலிருந்து வந்தது என்பதை மறைத்தோம். வேண்டாம் என்று சொல்லும் சந்தர்ப்பத்தையும் சேர்த்துப் பறித்தோம். தெரியாமல் வாங்கியவரைத் தெரியாமலே கடனாளியாக்குவது கொடையா என்று எமக்கு விளங்கவில்லை. அதிலும், வருடங்கள் போய்ச் சகோதரங்களோடு ஒரு சண்டை வரும்போது, "உங்களுக்காக நான்..." என்று தொடங்கி அந்தப் பல்லை வட்டியோடு எடுத்துப் போடுபவர்களும் நாமேதான்.

திங்கட்கிழமை எமது றெஸ்ரோறன்ற் பூட்டு. போன மாதம் நால்வர் சேர்ந்து பல் வைத்தியரிடம் நேரம் எடுத்துப் போனோம். ஒருவருக்கும் எந்த வலியும் இல்லை; புத்தகத்தில் முதல் முத்திரைக்காகத்தான் போனோம். முன்னால் இருந்த பெண் அட்டைகளை வாங்கிக்கொண்டு, சிரித்தபடி, ஏதாவது வலி இருக்கிறதா என்று கேட்டார்.

நால்வரில் மூவர் ஒரே நேரத்தில் "யா, யா" என்றோம்.