நீருள் நின்ற தலம்

மூர்த்தி, தலம், தீர்த்தம் என்னும் மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்பன என்றே நம் பெரியோர் எண்ணிவந்தனர்; அந்தத் தீர்த்தமே தலத்தை மூடிவிடுமாயின் மூர்த்தியின் சாந்நித்தியம் எங்கே நிற்கும் என்ற கேள்வி, மஸ்கெலியாவுக்குப் போகும்போதெல்லாம் என்னைத் தொடர்ந்து வருகிறது.

இலங்கை மலையகத்தில், களனி கங்கைக்கு நீரூட்டும் மஸ்கெலியா ஓயாவின் கரையிலே வளர்ந்த ஊர் அது. அங்கே காடழித்துக் கோப்பி நட்டவர்களும், 1869இல் தலைகாட்டிய இலைநோயால் கோப்பி மடிந்தபின் அதே சரிவுகளில் தேயிலை நட்டவர்களும், தென்னிந்தியாவிலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கி, வழியெல்லாம் உற்றாரைப் புதைத்துக்கொண்டு கால்நடையாய் மலையேறிய நம் ஏழை மக்களே. 1884இல் புகையிரதம் ஹட்டனை எட்டியது. தோட்டங்களை நம்பிக் கடைவீதி எழுந்தது. கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் அருகருகே எழுந்தன. நல்லதண்ணி வழியே சிவனொளிபாதம் ஏறும் யாத்திரிகர் அவ்வூரைக் கடந்து சென்றனர்.

அம்மக்களின் தெய்வங்களும் நடந்து வந்தவையே. ஊர்க்கோயிலின் பிடிமண்ணை முந்தானையில் முடிந்து வந்து, தங்கள் குடியிருப்பான லயத்துக்கு மேலே மரத்தடியில் ஒரு கல்லை நாட்டி, மாரியென்றும் முனியென்றும் அழைத்தார்கள்; தேயிலை ஆலையின் சக்கரங்களுக்குங்கூட ரோதைமுனி என்றொரு காவல் தெய்வத்தைக் கண்டார்கள். பக்தன் நடந்தால் தானும் உடன் நடக்கும் தெய்வத்துக்கு இடம் ஒரு பொருட்டா என்று கேட்கத் தோன்றும்.

1969இல் மவுசாகலை அணை நிறைந்தபோது பழைய பட்டினம் நீருள் மறைந்தது. மேட்டிலே புதிய ஊர் அமைந்தது. கோயிலை இடம் மாற்ற ஆகமம் வழி வைத்திருக்கிறது. கலாகர்ஷணம் என்னும் கிரியையால் பிம்பத்தின் சக்தியைக் கும்பநீரில் ஆவாகனம் செய்து, புதிய பிரதிஷ்டை வரை காத்துவைப்பார்கள். அதன்பின் பழைய கல் வெறுங்கல்லே. சாஸ்திரப்படி விஷயம் அத்துடன் முடிந்தது.

ஆனால் கடும் வறட்சியில் நீர் வற்றிப் பழைய கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் சேற்றினின்று தலைதூக்கும்போது, சனங்கள் இறங்கிச் செல்கிறார்களே, அது ஏன்? 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இன் ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. இந்த மண் உங்களுடையதன்று என்று இவ்வளவு முறை சொல்லப்பட்டவர்களுக்கு, தங்கள் மூதாதையர் விழுந்து கும்பிட்ட நிலத்தைவிடப் பெரிய உரிமைச் சாசனம் வேறு எது? பிம்பத்தைப் பற்றி ஆகமம் கூறுவதை நான் மறுக்கவில்லை. கண்ணீரும் வியர்வையும் ஊறிய நிலத்தினின்று சாந்நித்தியத்தைப் பிரித்தெடுக்கும் கிரியை உண்டென்பதையே என் மனம் ஏற்க மறுக்கிறது. ஒரு கலசத்து நீரிலே ஈசனை நிறுத்தவல்ல மரபு, ஊரையே மூடிய இப்பெருநீரைத் தெய்வமற்றது என்று சொல்லத் துணியுமா?

அத்தகைய ஒரு வறட்சியில், வெடித்த சேற்றின் விளிம்பிலே செருப்பைக் கழற்றிவைத்த மூதாட்டியொருத்தியிடம் பேரன் கேட்டான்: "சாமிதான் மேலே புதுக்கோயிலுக்குப் போயிருச்சே, அம்மாயி?"

"எங்கப்பன் காவடி எறக்கின எடம்டா இது," என்று சொல்லிவிட்டு, அவள் சூடம் ஏற்றக் குனிந்தாள்.