பதவியைத் துறந்தவரும் வாசலை மறித்தவரும்

1947இல் வவுனியாவின் நாடாளுமன்ற உறுப்பினரான சி. சுந்தரலிங்கம் வன்னியில் பிறந்தவர் அல்லர், உரும்பிராய்க்காரர். ஒக்ஸ்போர்டில் படித்தவர், பாரிஸ்டர், கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்தவர். சுயேச்சையாக வந்து வாக்குக் கேட்டார். வன்னிச் சனம் வாக்குப் போட்டது. பிரதமர் டி.எஸ். சேனநாயக்க அவரை வர்த்தக அமைச்சராக்கினார்.

அடுத்த வருடமே மலையகத் தமிழரின் குடியுரிமையை இறுக்கும் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டமூலம் சபைக்கு வந்தது. வாக்கெடுப்பு நேரம் சுந்தரலிங்கம் எழும்பி வெளியே போய்விட்டார். பிரதமர் விளக்கம் கேட்க, அமைச்சுப் பதவியையே விட்டுவிட்டார்.

1968இல் யாழ்ப்பாணத்து மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில், உள்ளே போய்க் கும்பிட வேண்டும் என்று ஒடுக்கப்பட்ட மக்கள் வாசலில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். அவர்களை மறித்தவர்களின் முன்வரிசையில் நின்றவர் இதே சுந்தரலிங்கம். சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்கு வந்தது. ஈழ விடுதலை பற்றிப் புத்தகம் எழுதியவர், அந்த வழக்கில் லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய்த் தோற்றார்.

இவர் நல்லவரா கெட்டவரா என்று தராசு பிடிப்பதில் எனக்கு நாட்டமில்லை. கதிரையை உதறிய நெஞ்சுரம் ஏன் கோயில் வாசலில் வேலை செய்யவில்லை என்பதே என் கேள்வி. மேலே இருப்பவனை எதிர்த்தால் பதவி போகும், ஆனால் பெயர் நிலைக்கும். ஊர் மாலை போடும். கீழே தள்ளி வைத்தவனுக்கு வழி விட்டால் மாலை இல்லை. சொந்தக்காரர் முகம் சுழிப்பார்கள், பிறப்பால் வந்த பெருமையும் கையை விட்டுப் போகும். முதலாவதற்குத் துணிந்தவர்கள் எல்லாரும் இரண்டாவதற்குத் துணிவதில்லை.

இது சுந்தரலிங்கத்தோடு முடிந்த கதை அல்ல. தமிழருக்கு எதிரான 1977 கலவரத்தோடு வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறிய மலையகக் குடும்பங்கள் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் நிறைய. அவற்றில் பலவற்றுக்கு இன்றும் குளத்துத் தண்ணீர் பாயும் வயல் இல்லை, மேட்டுக்காணியும் கூலிவேலையும்தான். காணி விடுவிப்புக் கூட்டமொன்றில், இராணுவம் பிடித்த நிலத்தைப் பற்றித் தொண்டை அடைக்கப் பேசிய ஒருவரை எனக்குத் தெரியும். கூட்டம் முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது அவருடைய மகனின் கலியாணக் கதை வந்தது. பெண் மலையகக் குடும்பத்துப் பிள்ளை. “பிள்ளை நல்ல பிள்ளைதான் தம்பி, ஆனா தோட்டக்காட்டுச் சனம்” என்றார். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். மைக்கில் பேசியதும் தேத்தண்ணியோடு பேசியதும் ஒரே வாய்தான்.

அநீதியை எதிர்த்துப் பழகிய சமூகம் நாம். அதனாலேயே நீதி நம் பக்கம்தான் என்று நம்பிவிடுவது சுலபம். நமக்கு இழைக்கப்பட்டதைச் சொல்ல ஆயிரம் மேடை உண்டு. நாம் இழைப்பதைக் கேட்க நம் வீட்டுத் திண்ணையாவது வேண்டும். ஒருவர் எதைத் துறந்தார் என்று கேட்பதோடு, யாருக்கு வழி விட்டார் என்றும் கேட்கப் பழகுவோம். அந்தக் கேள்வியை முதலில் நம்மிடமே கேட்போம்.