மருட்கையும் அச்சமும்

துணிச்சலான சமையல் என்று பேர் வாங்கிய உயர்தர உணவகங்களுக்குப் போய்வருகிறவர்கள் அங்கே எதை முதன்மையாக மதிக்கிறார்கள் என்று கேட்டால், பெரும்பாலும் கிடைக்கும் பதில் புதுமை. எனக்கு இந்தப் பதிலில் நம்பிக்கை இல்லை. புதுமை மட்டும்தான் வேண்டுமென்றால் பெயர் தெரியாத காயைப் பறித்துக் கடித்துப் பார்க்கலாம், செலவும் இல்லை. யாரும் அதைச் செய்வதில்லை.

ஸ்பெயினில் எல் புல்லி என்ற உணவகம் 2011 ஜூலையில் மூடப்பட்டது. அதன் உச்சத்தில், ஆண்டுக்குச் சுமார் 8,000 இருக்கைகளுக்கு 20 லட்சம் பேர் கேட்டார்கள் என்று சொல்லப்பட்டது. அங்கே ஃபெரான் அத்ரியா ஆலிவ் காயின் சாற்றை மீண்டும் ஆலிவ் காயின் உருவத்துக்குள் அடைத்துப் பரிமாறினார். வாயில் உடைந்ததும் வெறும் சாறு. பழக்கமில்லாத ஒன்றை வாய்க்குள் அனுமதிக்க மனிதனுக்கு உத்தரவாதம் தேவை. அது கிடைத்த பிறகுதான் புதுமை ருசிக்கிறது. ஆக, அவன் காசு கொடுத்து வாங்குவது ஆபத்து நீக்கப்பட்ட சாகஸம்.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் மருட்கைக்கு நான்கு நிலைக்களன்களைச் சொல்கிறது: ஆக்கம், சிறுமை, பெருமை, புதுமை. ஆக்கம் என்பதை ஒன்றன் பரிணாமம் என்று உரையில் கொள்வதுண்டு. உணவகத்தின் அத்தனை தட்டுகளையும் இந்த நான்கில் அடக்கிவிடலாம். சாறாகிவிட்ட ஆலிவ் ஆக்கம். அகன்ற தட்டின் நடுவே ஒரே வாய் உணவு சிறுமை. அச்சத்துக்கோ தொல்காப்பியம் வேறு நான்கு தருகிறது: இறை, கள்வர், விலங்கு, அணங்கு. வியப்பும் பயமும் தனித்தனிக் கணக்குகள். உணவகம் முதல் கணக்கை மட்டும் திறக்கிறது. கடைசியில் பில் வரும்போது எழும் அச்சம் கள்வர் வகையா இறை வகையா என்பதை உரைகாரர்களிடம் விட்டுவிடலாம்.

நீக்கப்பட்ட ஆபத்து எங்கே போயிற்று? பழவேற்காடு ஏரியின் தமிழகப் பக்கம், சுண்ணாம்புக்குளம் போன்ற ஊர்களில் சேற்று நண்டைப் பிடித்து, கொடுக்குகளைக் கட்டி, உயிரோடு வியாபாரியிடம் போடுகிறார்கள். எடை என்ன, இரண்டு கொடுக்கும் இருக்கிறதா, அழுத்தினால் ஓடு அமுங்காமல் நிற்கிறதா, இவ்வளவுதான் அங்கே விசாரணை. புதிதாக ஓடு கழற்றிய நண்டின் உள்ளே சதையில்லாமல் நீர் இருக்கும், விலை போகாது. தேறியது சென்னை வழியாக விமானமேறி சிங்கப்பூர் போகும். கொடுக்கு ஒடிந்தது வீட்டுக் குழம்புக்கு.

கொழும்பில் 2011இல் பழைய டச்சு ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் துவங்கிய ‘மினிஸ்ட்ரி ஆஃப் க்ராப்’ இந்தச் சேற்று நண்டைத்தான் அரைக் கிலோவிலிருந்து இரண்டு கிலோவரை தரம் பிரித்து, தரத்துக்கொரு பெயரிட்டு விற்கிறது. பெருமை வகை மருட்கை. 1613இல் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையை எழுப்பியவர்களும் டச்சுக்காரர்களே; அவர்களுக்கும் கரை என்பது சரக்கு புறப்படும் இடம். நண்டு ஒன்றுதான். ஆனால் ஏரிக்கரையில் தப்பாகத் தீர்ப்புச் சொல்கிறவள் அன்றைய காசை இழக்கிறாள். மேஜையில் தப்பாகச் சொல்கிறவன் எதையும் இழப்பதில்லை. ஆபத்து அழிந்துவிடவில்லை, கரையிலேயே நின்றுவிட்டது. இழக்க ஏதுமில்லாதவன் சொல்வதை அபிப்பிராயம் என்று சொல்லலாம். தீர்ப்பு என்று சொல்ல எனக்குத் தயக்கம்.

நத்தையை எடுத்துக்கொள்வோம். நியூயார்க்கில் 2021இல் திறந்த ‘செம்ம’ உணவகத்தில், தமிழ்நாட்டுக் கிராமத்தில் வளர்ந்த விஜய் குமார் நத்தைப் பிரட்டலைப் பரிமாறினார். 2022இல் அந்த உணவகத்துக்கு மிஷலின் நட்சத்திரம் கிடைத்தது. வயலில் நத்தை பொறுக்கியவர்களுக்கு அது சாகஸமாக இருந்ததில்லை. மழைக்குப் பின் கிடைத்த கறி. தின்றதை வெளியில் சொல்லக் கூசியவர்களும் உண்டு. அவர்களுக்குத் துணிச்சல் தேவைப்பட்டது தின்பதற்கு அல்ல, சொல்வதற்கு. அதை ஒளிக்காமல் தட்டில் வைத்தவருடைய துணிச்சல் மெய்யானது. மேஜையில் உட்கார்ந்தவனோ அதைத் தன்னுடையதாக எடுத்துக்கொண்டு வீடு திரும்புகிறான். அவன் மிக மதிப்பது இதைத்தான் என்று நினைக்கிறேன்: துணிந்தவனாகத் தன்னைக் கண்டுகொள்ளும் அந்தச் சித்திரம்.

இதற்கு மறுப்பு உண்டு. பயம் ஒழிந்தால்தான் கவனம் பிறக்கும். பசியும் பயமும் உள்ளவன் ருசிப்பதில்லை, விழுங்குகிறான். மெய்தான். எந்தக் கலைக்கும் பாதுகாப்பான இடைவெளி ஒன்று வேண்டியிருக்கிறது. ஆனால் அங்கே பிறக்கும் கவனம் எதன்மேல் விழுகிறது? நத்தையின் மேலா, தன் மேலா? சோதனை எளிது: இரண்டாவது வாய். முதல் வாயோடு வியப்பு தீர்ந்துவிடுகிறது. பிறகு மிஞ்சுவது பொருளும் அதைச் செய்த கையும்தான். அப்போதும் ஒருவனுக்குச் சொல்ல ஏதாவது இருந்தால், அதை மதிப்பீடு என்பேன்.

புதுக்கவிதை பற்றி நாம் எழுதிக்கொள்ளும் மதிப்புரைகளையும் இதற்கு உட்படுத்தலாம். ‘அதிர்ந்தேன்’ என்று முடியும் மதிப்புரை முதல் வாயைப் பற்றிய குறிப்பு. அதிர்ச்சி வாசகனுடையது. அந்த வரியை எழுத ஒருவன் எதைப் பணயம் வைத்தான் என்பது கவிதைக்குள் இருக்கிறது. அதைக் காண இரண்டாம் முறை படித்தாக வேண்டும்.